ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள்

ரயிலே வராத ஊரில் ரயிலை உதாரணம் காட்டி இங்கிலீஷ் நடத்துவது பாவம் என்பார் எங்கள் இங்கிலீஷ் சார். ஆன் டைம், இன் டைம் என்ற இரண்டையும் பிரித்துச் சொல்ல இலக்கணப் புத்தகங்களில் ரயில்தான் வரும். எங்கள் பெரம்பலூரில் ரயில் கிடையாது, அரியலூருக்குப் போனால்தான் தண்டவாளத்தையே பார்க்கலாம். அதனால் அவர் ரயிலை எடுத்துவிட்டு பஸ்ஸைப் போட்டுக்கொண்டார். துறையூர் பஸ் ஆன் டைம் வந்தது. டாக்டர் இன் டைம் வந்தார், நோயாளி பிழைத்தார். குறித்த மணிக்கு வந்தால் ஆன் டைம், காரியம் கெடுவதற்குள் வந்தால் இன் டைம். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான். வருஷா வருஷம் அந்தப் பாடம் சுவரைத் தாண்டி என் பக்கமும் வந்துவிடும். என் பிள்ளைகள் பகுபத உறுப்பிலக்கணத்தை மறந்தாலும் அந்த டாக்டரை மறந்ததில்லை.

அவர் இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு கோச்சிங் சென்டரில் இருப்பதாகச் சொன்னார்கள். நல்ல மனுஷரா என்று கேட்டால் நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்த மாத்திரத்தில் எனக்கு வருவது எரிச்சல். தமிழ் டீச்சருக்கு இங்கிலீஷ் சார் மேல் இருக்கும் வழக்கமான காய்ச்சல் இல்லை இது.

திருத்துவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒருமுறை கரஸ்பாண்டென்ட் அனுப்பிய சுற்றறிக்கையில், ஆசிரியர்கள் எல்லோரும் இன் டைம் வர வேண்டும் என்று இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இவர் மட்டும் சிவப்பு மையில் இன் என்பதை அடித்து ஆன் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். கரஸ்பாண்டென்ட் சிரித்துக்கொண்டே, "அவ்ளோ அக்கறைன்னா நீங்களே கேட்டுல நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டார். தண்டனைதான் அது. இவர் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டார். காலையில் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் இவர் நிற்பார், மணி அடித்ததும் கேட் சாத்தப்படும். பஸ் பஞ்சராகி ஓடிவரும் பிள்ளையிடம், "நீ வந்தது தப்பில்ல, வந்த நேரம்தான் தப்பு" என்பார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். கேட்டை மட்டும் திறக்கமாட்டார்.

தாமதமாக வருகிறவர்களைப் பிடிக்காதவர்கள் உலகத்தில் நிறைய. இவருக்கு முன்கூட்டி வருகிறவர்களையும் பிடிக்காது. நாங்கள் பெரம்பலூரில் வாடகைக்குக் குடிவந்து பால் காய்ச்சிய அன்றைக்கு அவரைக் காலை டிபனுக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். என் மாமியார் உள்ளே வந்து, "யாரோ ஒரு ஆளு எதுத்தாப்புல கம்பத்துக்குக் கீழ நின்னுகிட்டு வூட்டையும் வாட்சையும் மாறி மாறிப் பாக்குறான். கரண்டு புடுங்க வந்த ஈபி ஆளா?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தால் நம் ஆள். வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டால் கையைக் காட்டி, இருங்கள் என்கிறார். எட்டு மணி ஆனதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

ஏன் சார் இப்படி என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். "எங்கப்பா எந்தக் கல்யாணம்னாலும் மொத நாளே போயிடுவாரு டீச்சர்" என்றார். "பந்தல் போடறப்பவே போய் உக்காந்துக்குவாரு. பந்திக்கு முந்துன்னு எவன் சொன்னானோ, எங்கப்பாவப் பாத்துத்தான் சொல்லியிருக்கணும். 'மோப்பம் புடிச்சி வந்துட்டான் பாரு'ன்னு சமையக்காரன்லேருந்து சிரிப்பான். நான் அவரு பக்கத்துலயே உக்காந்திருப்பேன்." அன்றைக்கு அவர்மேல் எனக்கு உண்டான பரிவு ரொம்ப நாள் இருந்தது. வயிற்றில் பட்ட அவமானம் ஆயுசுக்கும் போகாது.

என் வீட்டுக்காரரை மஞ்சள் காமாலைக்குத் திருச்சியில் சேர்த்திருந்தபோது, தினமும் சாயங்காலம் பார்வையாளர் நேரம் தொடங்குகிற நிமிஷத்தில் அவர் வார்டு வாசலில் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் ஏறி, இளநீரோடு வருவார். டிஸ்சார்ஜ் ஆகும்வரை ஒருநாள்கூடத் தவறவில்லை. என் சொந்தத் தம்பி இரண்டு தடவைதான் வந்தான். அந்த இளநீருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். அதனால்தான் மற்றது இவ்வளவு கசக்கிறது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா போன பிறகு ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனிக்கட்டையாக இருந்தார். அந்தத் தங்கை வாழ்க்கைப்பட்டது விக்கிரமங்கலத்தில். எனக்கும் புகுந்த ஊர் அதுதான். என் மாமியார் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சனி, ஞாயிறுகளில் நான் ஊருக்குப் போனால் அந்தப் பெண் முறத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டு, "டீச்சரக்கா, எங்கண்ணன் சாப்புடுறாரா, இல்ல பன்னும் டீயும்தானா?" என்று கேட்பாள். அண்ணன் என்ற சொல்லை அவள் சொல்லும்போது ஏதோ கலெக்டர் வருகிற மாதிரி இருக்கும்.

அவள் மகள் சுகன்யா வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் சீர் இவருடையது. தங்கை போனில் சொல்லிவிட்டாள்: "பொண்ணுக்கு எடுக்கறது உன் இஷ்டம்ணே. எனக்கு மட்டும் மாம்பழக் கலரு, அரக்கு பார்டரு. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து பொறந்த வூட்டுப் பட்டுன்னு ஒண்ணு நான் ஒடம்புல சுத்தல." அவருக்கு மாம்பழக் கலருக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. துணைக்கு என்னை அழைத்துப் போனார். பெரம்பலூர்க் கடையில் நான்தான் பிரித்துப் பார்த்து எடுத்தேன். பில் போடும் இடத்தில் அவர் அந்தப் புடவையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "அழுவா டீச்சர், பாருங்க, இதப் பாத்தா அழுதுடுவா" என்றார். அவர் கண்ணே கலங்கியிருந்தது.

பத்திரிகையில் எல்லாப் பத்திரிகையிலும் போடுவதைத்தான் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். இந்த 'மேல்', 'குள்' எல்லாம் பஞ்சாங்கத்துக்காகப் போடுவது, தாய்மாமனுக்காகப் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்குத் தெரியும். தாய்மாமன் முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்கி, சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை பிடித்து, பந்தலில் பாய் போட்டுப் படுத்திருக்க வேண்டியவன்.

ஒன்பது மணி ஆயிற்று, வரவில்லை. போன் போட்டார்கள், அணைத்து வைத்திருந்தது. பஸ்ஸிலோ வேனிலோ ஏறினால் போனை அணைத்துவிடுவது அவர் ஒழுக்கம். பெண்ணை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். தங்கை வாசலுக்கும் பந்தலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "வந்துடுவாரு, எங்கண்ணன் சொன்னா வந்துடுவாரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பத்து மணியும் தாண்டியது. பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ராகுகாலத்தில் மாலை போட முடியுமா? கடைசியில் தங்கையின் பெரியப்பா மகன் ஒருவரை எழுப்பிவிட்டார்கள். அவரும் மாமன் முறைதான். மாலையை அவர் போட்டார்.

போட்டு முடித்து ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது. தட்டுகளோடு இவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டை. முதல் தட்டில் பெண்ணுக்கு எடுத்த பட்டு, இரண்டாவதில் மாம்பழக் கலர். பெண் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னும் பத்தரை ஆவல மாப்ள" என்றார் தங்கை புருஷனிடம்.

"மாமன்னா மொத நாளே வந்து இருக்கணும் மச்சான். ஊரே ஒக்காந்து வாசலப் பாத்துகிட்டு இருக்கு."

"பத்தரைக்குள்ளன்னுதானே போட்ருக்கீங்க?" சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். எடுத்தே விட்டார். பந்தலில் அத்தனை பேர் நடுவில் அதைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினார். "மொத நாளுன்னா மொத நாளுன்னு போட்ருக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு என்று அவர் காதில் விழுந்திருக்கும். தட்டுகளைத் திரும்ப வேனில் ஏற்றச் சொன்னார். தங்கை பின்னாலேயே ஓடினாள். "அண்ணே, இன்னொரு மாலை இருக்குண்ணே. நீயும் ஒண்ணு போட்டுட்டுப் போண்ணே. எனக்காகப் போடுண்ணே." வேன் கதவைச் சாத்திவிட்டார். கேட்டைச் சாத்துகிற அதே கைதான்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அவர் ஒன்பது மணிக்கு முன்பே விக்கிரமங்கலம் வந்துவிட்டிருக்கிறார். பஸ் நிற்கும் இடத்து டீக்கடை ஓரமாக வேனை நிறுத்திக்கொண்டு, சீர்த் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நேரம் பார்த்திருக்கிறார். ஒன்பது அடித்ததும் போய் நின்றால்கூட சோற்றுக்கு வந்தவன் என்று ஆகிவிடுமாம். அவராகவே என்னிடம் இதைச் சொன்னபோது, எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "எல்லாரும் உங்களுக்காகத்தானே சார் காத்துகிட்டு இருந்தாங்க?" என்றேன். "போட்ட டயத்துக்குத்தான் டீச்சர் போனேன்" என்றார். கடைசிவரை அவர் சொன்னது அது ஒன்றுதான்.

அதோடு போக்குவரத்து நின்றுபோனது. வருஷங்கள் ஓடின. சுகன்யா நர்ஸிங் படிக்கப் போனாள். தங்கை கூப்பிட்டால் இவர் எடுக்கமாட்டார். மாப்பிள்ளை கூப்பிட வேண்டும் என்பது இவர் கட்சி. வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்பது அவர் கட்சி. நடுவில் நான். முறத்தோடு வந்து உட்கார்வதை அவள் விடவில்லை. "என்னை ஏதாச்சும் கேட்டாரா டீச்சரக்கா?" என்பாள். கேட்டார் என்று பொய் சொல்வேன். அவர் கேட்டதில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் என் மேஜைக்கு எதிரில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஊரில் மழையா என்பார், கடலை எப்படி என்பார். நானாகச் சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு. நானாகச் சொல்வேன். கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

தங்கைக்கு வயிற்றில் கட்டி வந்தது. தஞ்சாவூரில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை நான் போனபோது கட்டிலில் துணி மாதிரி கிடந்தாள். சுகன்யா ட்யூட்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். "எங்கண்ணன ஒரு தடவ வந்து தலையக் காட்டிட்டுப் போவச் சொல்லுங்க" என்றாள் அவள். "பேசக்கூட வேணாம். வந்து நின்னாப் போதும்."

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மாப்ள கூப்புடலையே டீச்சர்."

எனக்கு வந்ததே கோபம். "என் வூட்டுக்காரருக்கு தினம் தினம் திருச்சி வந்தீங்களே சார், அவரு என்ன வெத்தல பாக்கு வெச்சா உங்களக் கூப்புட்டாரு? கூடப் பொறந்தவ சாவக் கெடக்கறா. நாள் இல்ல அவளுக்கு. இன்னிக்கே கெளம்புங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. "போறேன். கண்டிப்பாப் போறேன். ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு வரேன்னு சொல்லிடுங்க."

"ஞாயித்துக்கெழமையா? ஏன் சார் இன்னிக்கிப் போனா என்ன?"

"சொல்லிட்டுப் போறதுதான் டீச்சர் மொற. திடுதிப்னு போய் வாசல்ல நின்னா... இத்தன வருசம் கழிச்சி... அவங்களும் ஒரு மாதிரியா நெனைக்கக் கூடாதுல்ல."

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு வகுப்பையும் விடவில்லை. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனில் அவளிடம் சொன்னதும், அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

சனிக்கிழமை நானும் ஊருக்குப் போய்விட்டேன். அவள் மகளிடம் தலை வாரச் சொல்லி, பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மாப்பிள்ளைகூட அரியலூருக்குப் போய்க் கறிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வீம்பு எல்லாம் அவருக்கும் போய்விட்டிருந்தது.

"நாளைக்கிப் பத்து மணின்னா சரியாப் பத்து மணிக்குத்தானே வருவாரு டீச்சரக்கா?" என்றாள்.

"ஒரு நிமிஷம் முன்னபின்ன இருக்காது. உங்கண்ணனப் பத்தித் தெரியாதா?"

மூச்சு வாங்கச் சிரித்தாள். "கொஞ்சம் முன்ன வந்தாத்தான் என்னவாம்" என்றாள்.

விடியும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவருக்குப் போன் அடித்தேன், அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. கிளம்பிவிட்டார் என்று புரிந்தது. வாசலில் பந்தல் போட்டார்கள், மேளம் வந்துவிட்டது. பங்காளிகள் கூடிப் பேசினார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து போர்த்தாமல் பொம்பளைப் பிணத்தை எடுக்கக் கூடாது, அண்ணன்காரன் வருவானா மாட்டானா என்று பேச்சு. "பத்து மணிக்கு வந்துடுவாரு" என்றேன். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சி வராரா, தெரியாம வராரா?" என்றார். தெரியாமல்தான் என்றேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு அவர் தெருமுனையில் தெரிந்தார். டீக்கடைக்காரர் பிறகு சொன்னார், அரை மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். மேளச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. யார் வீட்டுச் சாவு என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லையாம், வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு கையில் ஜவுளிக்கடைப் பை, இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழம். பந்தலைப் பார்த்தார், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அடுத்த வீட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"பொறந்த வூடு வந்தாச்சு" என்று ஒரு பெரியவர் உரக்கச் சொன்னார். "கோடியோடதான் வந்துருக்காரு. பத்துன்னாப் பத்து. மனுசன்னா இப்புடி இருக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண்கள் எழுந்து போய், அவர் கையிலிருந்த பையை வாங்கிவிட்டார்கள். புடவையை எடுத்து உதறினார்கள். மாம்பழக் கலர், அரக்கு பார்டர். நான் எடுத்த புடவை. பட்டைப் பீரோவில் போட்டால் அவ்வப்போது பிரித்து மாற்றி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் இற்றுப்போகும். ஒரு பெண்பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால் தெரிந்திருக்கும். உதறிய வேகத்தில் மடிப்பு மடிப்பாக விட்டுப்போனது.

"அட பாவி, கிழிஞ்ச பொடவையக் கோடின்னு கொண்டாந்துருக்கான்" என்றாள் ஒருத்தி. சலசலப்பு கிளம்பியது. உலகத்தையே திருத்தியவருக்கு இதைத் திருத்த வாய் வரவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. "கோடி இல்லடி அது" என்றேன். "சுகன்யா மஞ்சத் தண்ணிக்கு எடுத்தது. தங்கச்சி கையில குடுக்கத்தான் கொண்டாந்துருக்காரு."

தலைமாட்டிலிருந்து சுகன்யா எழுந்து வந்தாள். புடவையின் பார்டரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கி அம்மாவுக்கு எடுத்ததா மாமா?"

அவர் தலையை ஆட்டினார்.

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. "அம்மா கேட்ட கலருதான்" என்று பெண்களிடம் சொன்னாள். "கிழிஞ்சது கீழ போற மாதிரி மடிச்சிப் போத்துங்க."

போர்த்தினார்கள். கிழிசல் எதுவும் வெளியே தெரியவில்லை. அவள் முகத்துக்கு அந்த நிறம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. எடுக்கலாம் என்று குரல் கொடுத்தார்கள், எல்லோரும் அவரவர் வேலைக்கு நகர்ந்தார்கள். அவர் மட்டும் பந்தலுக்கு நடுவில், ஆரஞ்சுப் பழப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அதை நான் வாங்கி எங்கேயாவது வைத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.